ஆத்திர அவசரத்துக்கு யாருக்குப் போன் செய்வது?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் என்னிடம், "வளைகுடா அனுபவம் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். பதினெட்டு வருஷத்தைப் பத்து நிமிஷத்தில் எப்படிச் சொல்வது? அதனால் ஒட்டகம், ஈச்சம்பழம், தங்கக்கடை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். அது டெலிபோன் நம்பர் பற்றியது. சிரிக்காதீர்கள்.

நான் தோணிரேவுக்காரன். பழவேற்காட்டு ஏரியின் கரையில் இருக்கிற ஊர். பொன்னேரியில் பஸ் ஏறி, மீன்கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு இந்தக் கல்லூரிக்கு வந்தவன். முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்ட வருஷங்களில் ஏரியில் இறால் கிடைக்காது. இறால் இல்லையென்றால் எங்கள் ஊரில் எதுவும் இல்லை. அப்படி ஒரு வருஷம், 1988ல், என் அண்ணன் குவைத்துக்குப் போனான்.

அப்போது எங்கள் ஊரில் போன் கிடையாது. அண்ணனிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். எப்போதாவது யாராவது ஊருக்கு வந்தால் அவர் கையில் ஒரு கேசட் கொடுத்தனுப்புவான். பக்கத்து வீட்டு டேப்ரிக்கார்டரில் போட்டு அம்மா கேட்பார்கள். "அம்மா, நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா?" என்று கேசட்டில் அவன் கேட்டால், "இருக்கேன்டா கண்ணு" என்று அம்மா டேப்ரிக்கார்டரைப் பார்த்துப் பதில் சொல்வார்கள்.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தது. எங்களுக்கு ரேடியோ செய்தியில்தான் தெரியும். அப்பா, அண்ணன் எழுதிய கடிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நீதான் காலேஜ் படிச்சவன், இதுல அட்ரஸ் பார்த்து ஏதாவது செய்டா" என்றார். எல்லாக் கடிதத்திலும் ஒரே அட்ரஸ்தான் இருந்தது. அது ஒரு தபால் பெட்டி எண். வளைகுடாவில் வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வருவதில்லை. கம்பெனிக்கு ஒரு பெட்டி, அதில் வந்து விழும். ஆக, என் அண்ணன் இரண்டு வருஷமாக எந்தத் தெருவில், எந்தக் கட்டிடத்தில் தூங்கினான் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. கம்பெனி போன் நம்பர் தெரியவில்லை. பாஸ்போர்ட் நம்பர் தெரியவில்லை. "சால்மியா" என்று ஒரு பெயர் ஒரு கடிதத்தில் இருந்தது. அது ஊர்ப் பெயரா, முதலாளியின் பெயரா என்று வீட்டில் ஒரு சர்ச்சையே நடந்தது.

அந்தச் சமயத்தில் நம் நாடு செய்த காரியம் சாதாரணமானதல்ல. குவைத்திலிருந்து பஸ்ஸில் ஈராக் வழியாக ஜோர்டான் போய், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்களில், ஏறத்தாழ இரண்டு மாதத்தில் 1,70,000 இந்தியர்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 488 விமானங்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவனாக என் அண்ணன் செப்டம்பர் கடைசியில் பம்பாயில் வந்து இறங்கி, ரயில் ஏறி, ஒரு காலைப்பொழுதில் ஒரு பிளாஸ்டிக் பையோடு எங்கள் தெருவில் நடந்து வந்தான். அம்மானிலிருந்து அவன் போட்ட கடிதம் அவனுக்குப் பிறகு வந்தது! அவனே வாங்கிப் படித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த எட்டு வாரத்தில் அவர்களுக்குத் தலைமுடி நரைத்துவிட்டிருந்தது.

இதையெல்லாம் பழைய கதை என்று நினைப்பீர்கள். "சார், இப்போ எல்லார் கையிலும் செல்போன் இருக்கு, தினம் வீடியோ காலே பேசறோம்" என்று முன்வரிசைத் தம்பி ஒருவர் மனசுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்து ஏமாந்தேன். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

2018ல் என் பங்காளி முறைத் தம்பியின் மகன் சவூதிக்குப் போனான். எனக்கு மகன் முறை. "பெரிப்பா, நீங்க போய் வந்தவர்தானே, என்னென்ன எடுத்துட்டுப் போகணும், சொல்லுங்க" என்று கேட்டான். நான் ஒரு சபையே கூட்டி உபதேசம் செய்தேன். ஊறுகாய் எப்படிக் கட்டுவது, கருவாடு ஏன் கொண்டுபோகக் கூடாது, தலைவலி மாத்திரைக்குக்கூட டாக்டர் சீட்டு வைத்திரு, விமான நிலையத்தில் யாருடைய பார்சலையும் வாங்காதே என்று எல்லாம் சொன்னேன். ஆனால் அவன் பாஸ்போர்ட்டுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வை என்று நான் சொல்லவில்லை. அந்த எண்ணமே வரவில்லை. குவைத் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனுக்கு அது வரவில்லை, பாருங்கள்.

ஏழாவது மாதம் போன் நின்றது. முதல் நாள், "டூட்டியில இருப்பான்" என்றார்கள். இரண்டாம் நாள், "பேலன்ஸ் தீர்ந்திருக்கும்". நான்காம் நாள் என் தம்பி என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். ஒன்றும் பேசவில்லை. அவன் மனைவிதான், "மாமா, போன் ரிங்கு போவுது, எடுக்க மாட்றான். நேத்துலேர்ந்து ரிங்கும் போவல" என்றாள்.

நான் தூதரகத்துக்குப் போன் போட்டேன். ரியாத்தில் இந்தியத் தூதரகம், ஜித்தாவில் துணைத் தூதரகம் என்று சவூதியில் இரண்டு இடம் உண்டு. எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பாஸ்போர்ட் நம்பர் சொல்லுங்கள் என்றார். தெரியாது. இக்காமா நம்பர்? இக்காமா என்றால் அங்கே தங்குவதற்கான அடையாள அட்டை. பத்து இலக்கம், 2ல் தொடங்கும். தெரியாது. கஃபீல், அதாவது பொறுப்பேற்றுக் கூட்டிப்போன முதலாளி பெயர்? தெரியாது. எந்த ஊர்? "தம்மாம் பக்கம்." அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், உங்க பையனோட முழுப் பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கு? அதாவது சொல்லுங்க" என்றார். வீட்டில் நாங்கள் கூப்பிடுவது ஒரு பெயர். ரேஷன் கார்டில் ஒரு பெயர். பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் என்று பெற்றவனுக்கே தெரியவில்லை. அனுப்பி வைத்த ஏஜென்ட்டின் போன் அணைந்து கிடந்தது.

அப்போது அந்தப் பையனின் தங்கை இந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். (அவள் இன்று இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள். பெயர் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை.) இரவெல்லாம் தன் செல்போனில் பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனாள். விடியற்காலையில் ஓடி வந்தாள். "பெரிப்பா, இத பாருங்க" என்றாள். அண்ணன் புறப்படும் முன், விசாவில் இருந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறான். அர்த்தம் சொல்லிவிட்டு அவள் மறந்துவிட்டாள். அந்தப் போட்டோவில் பாஸ்போர்ட் நம்பர் இருந்தது, கஃபீல் பெயர் இருந்தது.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தான். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வேலை செய்த இடத்தில் மயங்கி விழுந்து, யாரோ ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறார்கள். செல்போன் அவன் தலைமாட்டிலேயே இருந்திருக்கிறது. ஆனால் பூட்டு போட்ட போன். ரகசிய எண் தெரிந்தவன் நினைவில்லாமல் படுத்திருக்கிறான். நாங்கள் செய்த போன் எல்லாம் அந்தத் தலைமாட்டில்தான் அடித்திருக்கிறது, சார்ஜ் தீரும்வரை. கம்பெனிக்காரர்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்டதற்கு, வீட்டு நம்பர் எங்களிடம் இல்லை என்றார்கள். பாஸ்போர்ட்டையே வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள், வீட்டு நம்பர் இல்லை என்றார்கள்!

உயிர் பிழைத்தான். ஐந்து வாரம் கழித்து வீல்சேரில் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினான். வலது கை இன்றும் சரியாக வரவில்லை. வலை பின்ன முடியாது. இடது கையால் கடையில் கணக்கு எழுதுகிறான். அந்த ஒரு வாரம் முன்னால் தெரிந்திருந்தால் கை வந்திருக்குமா என்று என் தம்பி என்னைக் கேட்டதே இல்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஏரியில் சில குப்பங்களில் பாடு முறை என்று ஒன்று உண்டு. ஏரியில் இன்ன இடத்தில், இன்ன இரவில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதனால் நள்ளிரவில் புயல் வந்தாலும் எவன் எங்கே நிற்கிறான் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆபத்தென்றால் கடலோரப் பாதுகாப்புக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554 என்று இப்போது சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இருபது அடி தண்ணீருக்கு இத்தனை ஏற்பாடு. கடல் கடந்து போகிறவனுக்கு நாம் செய்வது மாலையும் பிரியாணியும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் அங்கே இருப்பவன் தெரிந்துகொள்ள வேண்டியது. நம் ஊர் 108 அங்கே வேலை செய்யாது. ஆம்புலன்ஸ், போலீஸ், தீயணைப்பு என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனி எண். ஒரு வேடிக்கை சொல்கிறேன். துபாய், ஷார்ஜா இருக்கிற அமீரகத்தில் ஆம்புலன்ஸுக்கு 998, தீயணைப்புக்கு 997. எல்லை தாண்டி சவூதிக்குப் போனால் ஆம்புலன்ஸுக்கு 997, தீயணைப்புக்கு 998! அப்படியே தலைகீழ். அமீரகத்தில் பத்து வருஷம் இருந்துவிட்டுச் சவூதிக்கு மாறுகிறவன், பக்கத்தில் ஒருத்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்போது தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவான். ரியாத், மக்கா, கிழக்கு மாகாணம் போன்ற பகுதிகளில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 911 என்று வைத்துவிட்டார்கள். குவைத்தில் ஒரு காலத்தில் 777, இப்போது 112. கத்தாரிலும் பஹ்ரைனிலும் 999, ஓமனில் நான்கு ஒன்பது. சிங்கப்பூரில் போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கும் தீக்கும் 995. மலேசியாவில் 999.

இந்த 999 எப்படி வந்தது தெரியுமா? 1935ல் லண்டனில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். எதிர்வீட்டுக்காரர் போனை எடுத்துக் கூப்பிட்டால், எக்ஸ்சேஞ்சில் மற்ற அழைப்புகளோடு அவரையும் வரிசையில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதன்பின் 1937ல் உலகத்திலேயே முதன்முதலாக லண்டனில் இப்படி ஒரு அவசர எண் வந்தது. அமெரிக்காவில் 911 வர 1968 ஆயிற்று. நம் தமிழ்நாட்டில் 108 வந்தது 2008ல்.

போன் செய்தால் மட்டும் போதாது. எங்கே இருக்கிறாய் என்று சொல்லத் தெரிய வேண்டும். ஷார்ஜாவில் என் அறைத் தோழன் ஒருவனுக்கு ராத்திரி மூச்சு முட்டியபோது நான் போனை எடுத்துவிட்டு விழித்தேன். கட்டிடத்தின் பெயரே எனக்குத் தெரியாது. நாங்கள் அதை "மலையாளி மெஸ் மாடி" என்றுதான் சொல்வோம். அதை ஆம்புலன்ஸ்காரருக்கு எப்படி அரபியில் சொல்வது? கீழே ஓடிப்போய் வாட்ச்மேனை எழுப்பிக் கேட்டேன். அன்று முதல், எந்த ஊரில் தங்கினாலும் முதல் வேலையாகக் கட்டிடப் பெயர், தெரு, பக்கத்தில் உள்ள பள்ளிவாசல் அல்லது பெரிய கடை, மூன்றையும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுவேன்.

அடுத்தது நம் தூதரகம். எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊர் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அமீரகத்தில் அபுதாபியில் தூதரகம், துபாயில் துணைத் தூதரகம். அங்கே தொழிலாளர்களுக்கென்று கட்டணமில்லாத எண் ஒன்று உண்டு: 800 46342. எண் மறந்துபோனால் 800க்குப் பிறகு பட்டன்களில் 'இந்தியா' என்று ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி அழுத்தினால் போதும், அதே எண்தான். நம் மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் உதவி எண் வைத்திருக்கிறது. ஊரில் இருந்தபடி வீட்டார் கூப்பிட 1800 309 3793. மத்திய அரசின் மதத் இணையதளத்தில் 2015லிருந்து புகாரைப் பதிந்து, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தப் பெயருக்கு இந்தியில் உதவி என்று பொருள்.

தூதரகத்தைப் பற்றி நம் ஜனங்களுக்கு ஒரு பயம் உண்டு. "நம்மை மாதிரி ஆளுங்கள எல்லாம் உள்ளே விடுவானா?" என்று கேட்பார்கள். 2009லிருந்து இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்றே தூதரகங்களில் இருக்கிறது. கையில் காசில்லாதவனுக்கு அவசர வைத்தியம், தங்க இடம், ஊர் திரும்ப டிக்கெட், இறந்துபோனால் உடலைக் கொண்டுவருவது, இதற்கெல்லாம் அதிலிருந்து செய்கிறார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனாலும், என் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள் என்று கேட்பது உரிமை. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் எழுதியிருக்கிறது. குல்பூஷண் ஜாதவ் வழக்கில் 2019ல் சர்வதேச நீதிமன்றம் பாகிஸ்தானுக்குச் சொன்னதும் இதைத்தான். ஆனால் கேட்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பத்தாவது முடிக்காத பிள்ளைகள் வளைகுடா போன்ற 18 நாடுகளுக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும்; அதோடு பிரவாசி பாரதிய பீமா என்ற இன்சூரன்ஸும் எடுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய். விபத்தில் இறந்தால் 10 லட்சம். சுற்றுலா விசாவில் அனுப்பும் ஏஜென்ட், இது எதுவும் வேண்டாம் என்பான். அவனுக்கு வேண்டாம்தான்.

இப்போது வீட்டில் இருப்பவர்கள். நான் சொல்வது ஒரே ஒரு துண்டுக் காகிதம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் நம்பர், விசாவின் நகல், கம்பெனியின் முழுப் பெயரும் அங்கே உள்ள போன் நம்பரும், தங்குமிடம், கூடத் தங்கியிருக்கும் இரண்டு பேரின் நம்பர், ஏஜென்ட்டின் பதிவு எண், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை. போய்ச் சேர்ந்து இக்காமா கிடைத்ததும் அந்த எண்ணையும் சேர்க்க வேண்டும். கூடத் தங்குபவன் நம்பர்தான் ரொம்ப முக்கியம். என் அனுபவத்தில் தூதரகத்தைவிட, கம்பெனியைவிட, முதலில் விஷயம் சொல்வது அவன்தான். இது ஒரு பிரதி பையனின் பர்ஸில், ஒரு பிரதி வீட்டில். பர்ஸில் இருப்பதில் வீட்டு நம்பரை 91 சேர்த்து எழுதுங்கள். வெறும் பத்து இலக்கத்தை வைத்துக்கொண்டு அங்குள்ள நர்ஸம்மா என்ன செய்வார்? அம்மா நம்பர் ஒன்று மட்டும் எழுதாதீர்கள். அம்மா போனை எடுத்து, ஆங்கிலத்தில் யாரோ பேசினால், "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. ஆங்கிலம் பேசத் தெரிந்த ஒருவர் நம்பரும் வேண்டும். அந்த ஒருவர் யார்? இந்தக் கல்லூரியில் படிக்கும் நீங்கள்தான்.

இன்னொன்று, செல்போனிலேயே வழி இருக்கிறது. பூட்டியிருந்தாலும் திரையில் அவசரத் தகவல் என்று தொட்டால் ரத்த வகையும் வீட்டு நம்பரும் தெரியும்படி பதிந்து வைக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. இது எனக்கு அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தது.

கைபேசியை நான் குறை சொல்லவில்லை. 2020ல் கொரோனா வந்தபோது ஈரான் கடற்கரையில் நம் மீனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். படகில் நின்றபடியே செல்போனில் வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். அது கண்டவர் காதிலெல்லாம் விழுந்தது. அந்த வருஷம் ஜூலை 1ஆம் தேதி ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பெரும்பாலோர் தமிழக மீனவர்கள். அவர்கள் கூட்டமாக இருந்தார்கள், கத்தினார்கள், கேட்டது. தனியாக ஒரு வேலைத்தலத்தில் மயங்கி விழுகிறவனுக்கு அந்த வசதி இல்லை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாயிலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். சின்ன வயதில் நாங்கள் பயந்துகொண்டே உள்ளே போய் விளையாடுவோம். அவர்களும் பிழைக்கப் போன இடத்தில் செத்தவர்கள்தானே. 1613ல் கோட்டை கட்டி உட்கார்ந்தவர்கள். இங்கே ஒருவன் காய்ச்சலில் போனால் ஹாலந்தில் அவன் அம்மாவுக்குக் கப்பலில் சேதி போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். கல்லில் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் ஒழுங்காகச் செதுக்கியிருக்கிறார்கள். யார் வந்து கேட்டாலும் இவன் இன்னான் என்று தெரிகிறது. தம்மாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த எங்கள் பையனைவிட அவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நேரமாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சங்கத்திடம் ஒரு விண்ணப்பம் மட்டும். இந்த மலரின் பின்பக்கத்தில் வழக்கமாக ஜவுளிக்கடை விளம்பரம் போடுகிறோம். அடுத்த வருஷம் அதில் அரைப் பக்கம் விட்டு, நான் சொன்ன காகிதத்தை வெறும் கட்டங்களாக அச்சடித்துக் கொடுங்கள். வெட்டி எடுத்து நிரப்பிக்கொள்ளட்டும். அரைப் பக்க விளம்பரக் காசை நான் தருகிறேன். இங்கே இருக்கிற வளைகுடா நண்பர்கள் அவரவர் நாட்டு எண்களைச் சரிபார்த்து வருஷா வருஷம் அனுப்பினால், பழைய 777 மாதிரி ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம். தோணிரேவில் இப்போது வெளிநாடு போகிற ஒவ்வொரு பையன் வீட்டுக்கும் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போகிறேன். "இன்னா பெரிப்பா, சென்சஸ்ஸா?" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும், நம்பரைக் கொடுத்துவிட்டுச் செய்யட்டும்.